ஐம்பது ரூபாய்க்காரர்கள்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அன்று காலை அந்த மின்னஞ்சலைப் படித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. பொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாதம் இரண்டு கதை எழுதி, சந்தா கட்டும் வாசகர்களுக்கு அனுப்புகிறவள் நான். சந்தாவை வாங்கி எங்களிடம் சேர்ப்பது ஓர் இணையத்தளம். பிடித்த எழுத்தாளருக்கோ ஓவியருக்கோ பாட்டுக்காரருக்கோ மாதாமாதம் இவ்வளவு என்று யாரும் அதில் கொடுக்கலாம். அதுவரை தளம் தன் கட்டணத்தை எங்களுக்கு வருகிற பணத்தில்தான் பிடித்துக்கொண்டது. இனிமேல் ஒவ்வொரு முறை கட்டும்போதும், பெரிய தொகையோ சின்னத் தொகையோ, ஒரே அளவு கூடுதல் கட்டணத்தைக் கொடுக்கிறவர் தலையிலேயே வைக்கப் போகிறார்களாம். ஆயிரம் கொடுப்பவருக்கு அது உறைக்கவே உறைக்காது. ஐம்பது கொடுப்பவர் அறுபதுக்கு மேல் அழ வேண்டும். எல்லாம் எங்கள் நன்மைக்காகவே என்று மின்னஞ்சல் முடிந்திருந்தது. நல்ல நன்மை!

அந்தத் தளத்தை நம்பிப் பிழைக்கிற தமிழ் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அன்று அது சந்தைக்கடையாகக் கிடந்தது. கார்ட்டூன் போடுகிறவர் கடையைக் கட்டுகிறேன் என்றார். யாழ் வாசிக்கிற பெண் அழுதுகொண்டே குரல் பதிவு போட்டாள். எப்போதும் எல்லாவற்றையும் ஆதரிக்கிற ஒருவர், "அவங்க பக்கமும் யோசிக்கணும்ல" என்று ஆரம்பித்து வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் சும்மா இருப்பேனா? தளத்தைத் திட்டி நீளமாக எழுதி, பொதுவெளியிலும் போட்டேன். பிற்பகலுக்குள் அது எங்கெங்கோ சுற்றியது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

குழுவில் ஒரே ஒருவர் வாயைத் திறக்கவில்லை. என் மதினி.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, அரசு வேலைக்கான தேர்வுப் பாடங்களைக் குரலில் பதிவு செய்து வெளியிடுகிறவர். கண் தெரியாதவர்கள், தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாதவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் காதால் கேட்டே படிக்கட்டும் என்று தொடங்கினார். பாடம் எல்லோருக்கும் இலவசம். முடிந்தவர்கள் அந்தத் தளத்தில் கொடுப்பார்கள். கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐம்பது ரூபாய்க்காரர்கள்.

அந்தப் பணத்தில்தான் ஓர் அறைக்கு வாடகை போனது. அண்ணன் வீடு ரயில் பாதையை ஒட்டி. திண்டுக்கல்லில் ரயிலுக்கு நேரம் காலம் கிடையாது. பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பதிவு செய்ய முடியாது. அதனால் தோல் ஷாப்புக்குப் பின்னால் ஒரு மாடி அறை எடுத்திருந்தார். தோல் பதனிடும் நாற்றத்துக்குப் பயந்து அந்தத் தெருவுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்பதால் வாடகை மலிவு, அமைதி இலவசம். தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது, பாடத்தில் பாதி பாக்கி இருந்தது. அறை போனால் பாடம் நிற்கும். பாடம் நின்றால் அதை மட்டுமே நம்பிப் படிப்பவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள்.

மாதக் கடைசியில் மதினி ஒரு காரியம் செய்வார். கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் வாசிப்பார். கோயிலில் பூசைக்கு முன்னால் யார் யாருக்காகப் பூசை என்று பெயர் வாசிப்பார்களே, அந்தப் பழக்கம். தொகை சொல்லமாட்டார். ஆயிரம் கொடுத்த டாக்டரும் ஐம்பது கொடுத்த செம்பட்டித் தையல்கார அக்காவும் ஒரே குரலில், சேர்ந்த தேதிப்படி வருவார்கள்.

மறுநாள் நான் டவுன் பஸ் பிடித்து அந்த மாடிக்குப் போனேன். நீங்களும் நாலு வார்த்தை காரசாரமாக எழுதுங்கள் என்று சொல்லத்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறினால், உள்ளே மதினி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். சந்தேகம் கேட்க அழைப்பவர்களின் எண்களையெல்லாம் அந்த நோட்டில் எழுதி வைத்திருப்பார்.

"ஆமாய்யா, அடுத்த மாசத்துலேர்ந்து கூடப் புடிப்பாங்களாம். அதனால நீங்க இப்பவே நிறுத்திருங்க. பாடம் எப்பவும் போலக் கேக்கலாம், அதுக்கு ஒண்ணும் இல்ல. எப்படி நிறுத்துறதுன்னு சொல்லவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை வைத்ததும் கத்திவிட்டேன்.

"மதினி! உங்களுக்கு என்ன கிறுக்கா? யாராச்சும் வர்ற ஆள வாசல்ல நின்னு போகச் சொல்லுவாங்களா?"

"ஏத்தா, செத்த உக்காரு. மூச்சு வாங்குது பாரு."

"உக்காரல. எத்தன பேருக்குச் சொல்லியிருக்கீங்க?"

"எழுபது ஆச்சு. அம்பது ரூவா ஆளுகளுக்கு மட்டுந்தான். ஆயிரம் ரூவா ஆளுக இருக்கட்டும், அவுகளுக்கு இது ஒண்ணுமில்ல." நோட்டில் ஒரு டிக் அடித்துவிட்டு நிமிர்ந்தார். "நம்ம கோயில் திருவிழாவுல ஆடு குடுத்தவரும் கோழி குடுத்தவரும் ஒரே அண்டாவுலதான திங்கிறோம்? கோழி கொண்டாந்தவர்கிட்ட அண்டா வாடகை கேட்டா நல்லாவா இருக்கும்?"

"கேக்கறது நீங்களா? அவன்தான கேக்குறான்!"

"கூப்புட்டது நாந்தான."

அதற்குள் அடுத்த எண்ணை அழுத்திவிட்டார். குஜிலியம்பாறை பஸ் ஸ்டாண்டில் ஊதுபத்தி விற்கிற, கண் தெரியாத ஒருவர். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "டீச்சர், அம்பது ரூவா குடுக்கறதாலதான் ஒங்களத் தைரியமாச் சந்தேகம் கேக்குறேன். அதையும் நிறுத்தச் சொல்றீகளே."

மதினி, "சந்தேகம் கேக்க ரூவா எதுக்கு? நாளைக்கே கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் நோட்டை மூடவில்லை. நான் வந்த கோபத்திலேயே திரும்பிப் போனேன்.

ஆறாம் நாள் தளம் பல்டியடித்தது. தப்புதான், மன்னியுங்கள், பழைய முறையே தொடரும் என்று மின்னஞ்சல். குழுவில் ஒரே வாணவேடிக்கை. நாங்கள் போட்ட சத்தத்தில் மலையே இறங்கி வந்துவிட்டது என்று நினைப்பு எங்களுக்கு. நான் பிரியாணி பொட்டலம் இரண்டு வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மதினி புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஐம்பது ரூபாய்க்காரர்கள் நூற்றிருபது பேரும் டீச்சர் சொல்லைத் தட்டாமல் விலகியிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஆயிரம் ரூபாய்க்காரர்கள் ஓரிருவர்தான். எல்லோரையும் சேர்த்தாலும் அறை வாடகைக்கு எட்டாது.

"மறுபடி போன் போடுங்க மதினி! மாத்திட்டாங்க, வாங்கன்னு சொல்லுங்க. இல்ல, நோட்டக் குடுங்க, நான் போடுறேன்."

நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "போகச் சொன்ன வாயால எப்படித்தா வாங்கன்னு சொல்றது? அது வசூலுக்கு நிக்கிற மாதிரி ஆயிரும். பிரியாணி ஆறுது, பிரி."

எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவர் நன்றாகச் சாப்பிட்டார். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு, ரயில் பாதை வீட்டுக்கே மைக்கைக் கொண்டுபோனார்.

அந்த மாதக் கடைசிப் பதிவை நான் பஸ்ஸில் கேட்டேன். மிஞ்சிப்போனால் நாற்பது பெயர் வரும் என்று நினைத்தேன். வாசித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே போனார். விலகிப் போன நூற்றிருபது பேரும் அதில் இருந்தார்கள். இவர்கள் மாத ஆரம்பத்தில் கொடுத்ததில்தான் இந்த மாதப் பாடம் நடந்தது, அதனால் வாசிக்கிறேன் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துக்கொண்டார். ஒரு குறை, ஒரு குத்தல், ஒரு பெருமூச்சு இல்லை. என் கதைகளுக்கும் அந்தக் கலவரத்தில் பதினான்கு பேர் விலகியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. போராட்டத்தில் அவ்வளவு மும்முரம்.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று பஸ் கலெக்டர் ஆபீஸ் தாண்டும்போது உறைத்தது. மூன்று வருஷமாக வாசிக்கப்படுகிற அந்தப் பட்டியலில் என் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. வராதுதான். நான் ஒரு பைசா கொடுத்ததில்லையே. நம்ம மதினிதானே, நமக்கெதற்கு சந்தா என்று இருந்துவிட்டேன். ஊரெல்லாம் படைப்பாளிகளுக்கு அநியாயம் என்று தொண்டை கிழியக் கத்தினேனே, அந்தத் தொண்டைக்கு ஐம்பது ரூபாய் தோன்றவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கட்டினேன்.

அடுத்த வாரம் நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது செம்பட்டித் தையல்கார அக்கா மதினியைப் போனில் பிடித்துக்கொண்டார். எனக்குச் சமமான கோபக்காரி.

"ஏன் டீச்சர், நாந்தான் நின்னுட்டேன்ல? எதுக்கு எம்பேர வாசிச்சீக? மிஷின்ல கை ஓடல. ஜாக்கெட்டுக்குக் கை மாத்தித் தச்சுட்டேன், அம்புட்டையும் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

"போன மாசம் நீங்க குடுத்தீகல்ல?"

"அப்ப இந்த மாசம் வாசிக்க மாட்டீகளா?"

"குடுத்தாத்தான வாசிக்க முடியும்" என்று மதினி சிரித்தார்.

"அப்படி வாங்க வழிக்கு" என்று வைத்துவிட்டார் அந்த அக்கா. அன்று சாயங்காலமே திரும்பச் சேர்ந்தார். ஒரு வண்டிக்காரர் சேர்ந்தார். ஊதுபத்திக்காரர் சேர்ந்து, அன்றைக்கே மூன்று சந்தேகம் கேட்டார். நூற்றிருபதில் எழுபது எண்பது பேர் வந்திருப்பார்கள். மற்றவர்கள் வரவில்லை. மாடி அறையோ வேறு ஆளுக்குப் போய்விட்டது.

ஆகவே மிச்சப் பாதிப் பாடம் ரயிலோடுதான் நடந்தது. வைகையாற்றின் நீளத்தைச் சொல்ல வரும்போது கூட்ஸ் வண்டி வரும். "ரயில் போயிரட்டும்" என்று நிறுத்துவார். வெட்டி ஒட்டவெல்லாம் நேரமில்லை, அப்படியே வெளியிட்டார். கேட்பவர்கள் அந்த இடைவெளியில் பாடத்தைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வதாக எழுதினார்கள். கண் எரிய, தொண்டை கட்ட, ஒரு நாள் தவறாமல் பதிவு செய்தார். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைசிப் பாடம் முடிந்தது. என் மதினியைப் போல ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை, இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வருவதுமில்லை.

கடைசிப் பாடத்தோடு அந்த மாதப் பெயர்களும் வந்தன. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடி கேட்டேன். டாக்டர் வந்தார், தையல்கார அக்கா வந்தார், ஊதுபத்திக்காரர் வந்தார். நானும் கட்டியிருப்பதைச் சொல்ல எனக்குக் கூச்சம், அவரும் கேட்கவில்லை. கவனித்திருக்கவே மாட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தவர்களுக்கு அவரவர் பழைய தேதிதான், புதிதாகச் சேர்ந்த நான்தான் பட்டியலில் கடைசி. அந்தக் கடைசிப் பெயரை அவர் சொல்லத் தொடங்கிய நேரம் பார்த்து ரயில் வந்து, ஒரு எழுத்துகூடக் கேட்கவிடாமல் செய்துவிட்டது. எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மதினி பதிவை நிறுத்தவில்லை. "செத்த இருங்க. கடைசியா ஒரு பேர் இருக்கு, அது விட்டுப்போகக் கூடாது" என்றார். நீளமான வண்டி. பெட்டி பெட்டியாகப் போய் முடியும்வரை அவர் காத்திருந்தார், நானும் கரண்டியோடு நின்றேன். சத்தம் முழுக்க அடங்கியதும், தையல்கார அக்காவைச் சொன்ன அதே குரலில் என் பெயரைச் சொன்னார்.