மூன்றாவது முதல் சம்பளம்

அன்று நெய்யாற்றின்கரைத் துணிக்கடையில் எங்கள் வீட்டிலிருந்து போயிருந்தது நானும் அப்பாவும் மட்டும். தங்கச்சி சளிக்காய்ச்சலோடு அத்தை வீட்டில் படுத்திருந்தாள். அங்கே கட்டாயம் இருந்திருக்க வேண்டியவள் அம்மா. அவள் இல்லை.

அந்தக் கடையின் சேலைப் பிரிவில்தான் அம்மா வேலை பார்த்தாள், அல்லது பார்ப்பதாக நாங்கள் நம்பினோம். தினமும் காலையில் பச்சை நிறச் சீருடைச் சேலையைக் கட்டிக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தோடு பாறசாலையில் பஸ் ஏறுவாள். கிறிஸ்துமஸ் துணியைத் தானே வாங்கி வருகிறேன், நீங்கள் யாரும் கடைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஆனால் அன்று மழை. அப்பா வெட்டும் வெள்ளறடைத் தோட்டத்தில் ரப்பர் வெட்டு இல்லை. மனைவி வேலை செய்யும் கடையில் ஒருமுறையாவது வாடிக்கையாளராக நிற்க வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை.

"வா மக்கா, ஒனக்க அம்மைய ஒண்ணு பேடிப்பிச்சிட்டு வருவோம்" என்றார். கடைசியில் பயந்துபோனது நாங்கள்தான்.

எனக்கு ஒரு கால்சட்டையும் தங்கச்சிக்கு ஒரு ஃபிராக்கும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனோம். வேலை செய்பவர்களின் வீட்டாருக்கு விலையில் கழிவு உண்டு. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சேலை செக்ஷன்ல நிக்காள்லா, பாறசாலைக்காரி, அவ எனக்க கெட்டியவளாக்கும்" என்றார்.

கல்லாவில் இருந்தவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க விஷு கழிஞ்சதும் நின்னு போயல்லோ அண்ணா. வீட்டுல அறிஞ்ஞில்லே?"

விஷு சித்திரையில் வருவது. இது டிசம்பர். அப்படியானால் இத்தனை மாதமாகப் பச்சைச் சேலை கட்டி பஸ் ஏறியது யார்? அன்று காலையில் எனக்கு இட்லி வைத்தது யார்? அப்பா கால்சட்டையை மேசைமேல் வைத்து, மடிப்புக் கலையாமல் தடவிவிட்டார். தடவிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு துணிக்கடை. அதன் மாடியில் நீலச் சேலை கட்டிய ஒருத்தி பட்டுச் சேலை ஒன்றைத் தன் தோளில் போட்டு, யாருக்கோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா. அப்பாவும் பார்த்துவிட்டார் என்பது என் கையை அவர் பிடித்த பிடியில் தெரிந்தது. அவர் சாலையைத் தாண்டவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

அத்தை வீட்டிலிருந்து தங்கச்சியைத் தூக்கி வந்தோம். பொழுது சாய்ந்தபின் அம்மா பச்சைச் சேலையில் வந்து நின்றாள்.

"நீலத்த எங்க வச்சிருக்க?" என்றார் அப்பா.

அம்மா பையைத் திறந்து காட்டினாள். சண்டை வரும் என்று நான் தங்கச்சியின் பாயில் ஒதுங்கினேன். எனக்குச் சின்னதில் வலிப்பு வந்தபோது அப்பா ஒரு பொருத்தனை செய்திருந்தார்: இந்த வீட்டில் யாருக்குப் புது வேலை கிடைத்தாலும் முதல் மாதச் சம்பளம் முழுவதும் கர்த்தருக்கு.

"கர்த்தருக்க பங்க வச்சிக்கிட்டா நாம இத்தற நாளும் கஞ்சி குடிச்சோம்?" என்றார் அப்பா.

"நின்ன எடத்துலேயே நின்னா கிறிஸ்மஸுக்கு ஒரு கேக்கு தருவாவ, அவ்வளவுதான். மாறினாத்தான் கூலி கூடும். இங்க மாசம் ஆயிரத்தைந்நூறு கூடுதல். அதுக்கு மொத மாசச் சம்பளம் ஏழாயிரத்தைந்நூற காணிக்கக் கவர்ல போட்டா, அஞ்சு மாசத்துக் கூடுதல் அப்படியே போவுமாக்கும்."

"கணக்கா பேசுத?"

"நீங்க கல்யாணத்துக்கு முன்னேயிருந்து ஒரே தோட்டத்துல வெட்டுதிய. கர்த்தர் உங்க கையிலேருந்து கண்டது ஒரே ஒரு முதல் சம்பளம். நான் ரெண்டு குடுத்தாச்சு. இது மூணாவது!"

அம்மா நிறுத்தவில்லை. சேர்த்த காசில் பாறசாலையில் ஒரு நர்ஸ் விற்கும் பழைய ஸ்கூட்டியைப் பேசி வைத்திருக்கிறாளாம். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கடையில் இதைவிட நாலாயிரம் கூடுதலாகத் தருகிறார்களாம். ராத்திரி கடை சாத்தி பாறசாலை வந்து இறங்கினால் எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. அதற்குத்தான் வண்டி.

"வண்டிய யாரு ஓட்டுவா?"

"நான்தான். படிச்சாச்சு. லைசன்ஸும் எடுத்தாச்சு."

"எப்பம்?"

"மத்தியானம், சோறு தின்னுத நேரத்துல."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீலச் சேலையைவிட இதுதான் அவரை அடித்தது என்று நினைக்கிறேன். பிறகு கையை நீட்டித் தங்கச்சியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். காய்ச்சல் ஏறியிருந்தது.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். தங்கச்சியைப் பார்த்தாள். உள்ளே போய் அரிசிப் பானைக்குள் கைவிட்டு, சேர்த்த காசுப் பொதியை எடுத்தாள்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் போதகர் எங்கள் வீட்டின் முதற்பலன் காணிக்கையைத் தொகையோடு வாசித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்கள் பக்கம், காய்ச்சல் விட்ட தங்கச்சி மடியில் துள்ளிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் நிமிரவே இல்லை. ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன்.

புத்தாண்டு கழிந்து ஸ்கூட்டியை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். அம்மாவால் மறுபடி சேர்க்க முடியவில்லை. கூடுதல் சம்பளம் இப்போது அப்பாவுக்குத் தெரிந்த காசு. தெரிந்த காசு எந்த வீட்டில் நிற்கும்? ஒன்பது வருடம் அந்த நீலச் சேலையிலேயே நின்றாள். கிறிஸ்துமஸ்தோறும் கேக் வந்தது. அவள் சொன்னது சரிதான், வேறொன்றும் பெரிதாக வரவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். படித்தது பி.காம். அம்மாவின் கால் வீங்கி அவள் வேலையை விட்ட நாளில், யாரிடமும் சொல்லாமல் ஒரு கணக்குப் போட்டேன். திருவனந்தபுரத்துக் கடையின் நாலாயிரத்தில் பஸ்ஸுக்கும் பெட்ரோலுக்கும் ஆயிரம் கழித்து, மீதியை ஒன்பது வருடத்துக்குப் பெருக்கினேன். போதகர் வாசித்த தொகை ஏழாயிரத்து ஐந்நூறு. வாசிக்காதது மூன்று லட்சத்து இருபத்துநாலாயிரம்.