கதிர்களைக் கணித்த எங்கள் அண்ணா

உன்னிச்சைக் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அண்ணா. வயல் வட்டைக்குக் காவலுக்கு அனுப்பினால், யானை வந்து வேளாண்மைப் பயிரைத் தின்பதுகூடத் தெரியாமல் புத்தகத்தில் கிடப்பார் என்று அப்பா கடைசிவரை குறைப்பட்டார்.

பௌதிகவியலில் பட்டம் பெற்று மேற்படிப்புக்காக அண்ணா இங்கிலாந்து போனபோது யுத்தம் தொடங்கியிருக்கவில்லை. படிப்பு முடிந்தபோது ஊர்ப் பாதையெல்லாம் சோதனைச்சாவடிகள். அங்கேயே ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். கதிர்வீச்சு பட்டால் உடலின் டிஎன்ஏ இழைகள் எங்கே, எப்படி அறுகின்றன என்பதைக் கணினியில் மாதிரி அமைத்துக் கணிப்பதே அவரது வாழ்நாள் வேலையாயிற்று.

பட்டணத்தில், புளியந்தீவில் இருந்த ஒரு தொலைபேசிக் கடைக்கு அண்ணா அழைப்பு எடுப்பார். அம்மாவோடு தங்கை நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொள்வேன். அப்படி ஒருநாள் அம்மா அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டார்.

"ரெண்டு இழை முறுக்கின கயிறு மாதிரி அம்மா. ஒண்டு அறுந்தா மற்றதப் பாத்து உடம்பு தானே சரிப்படுத்தும். ரெண்டும் கிட்டக்கிட்ட அறுந்தாத்தான் கரைச்சல்."

"அதக் கண்ணால பாத்தியா மனே?"

"இல்லம்மா, கணக்குத்தான்."

"காணாததுக்குக் கணக்குப் பாக்கச் சம்பளமும் குடுக்கிறாங்களே!" என்று அம்மா சிரித்தார்.

"லீவு போட்டுட்டு வரட்டா அம்மா?" என்றார் அண்ணா.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "இஞ்ச வராத மனே. ஆம்பிளப் புள்ளையள பஸ்ஸால இறக்கிக் கொண்டு போறாங்க. நீ உசிரோட இரிக்கிறதே எனக்குக் காணும்."

ஒவ்வொரு முறையும் அண்ணா கேட்பார், அம்மா மறுப்பார். "வா" என்று சொல்ல அந்தத் தாய் மனம் எவ்வளவு தவித்தது என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். அம்மா கண்மூடியபோதும் பாதை பூட்டிக் கிடந்தது. அண்ணா இல்லாமலே எங்கள் தம்பி கொள்ளி வைத்தார். பாதை திறந்தபோது அண்ணா நோயில் விழுந்திருந்தார். அவர் வரவேயில்லை; சென்ற மாதம் அங்கேயே கண்மூடினார்.

அண்ணாவைக் கண்ணின் மணிபோல் பார்த்த அண்ணிக்கும் மகளுக்கும், தோள் கொடுத்த சக ஆய்வாளர்களுக்கும், இங்கே எங்களைத் தனியே அழவிடாத அயலவருக்கும் உறவினருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

முப்பத்தோராம் நாள் அமுதுக்கு, போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அண்ணாவுக்கு என்ன பிடிக்கும் என்று அவருடைய மகளைத் தொலைபேசியில் கேட்டேன்.

"எதக் குடுத்தாலும் பேசாமச் சாப்பிடுவார் மாமி. என்ன விருப்பம் எண்டு கேட்டா, ஊருக்குப் போய்ச் சொல்றன் எண்டுவார்."

அதனால், தெரிந்ததையெல்லாம் சமைக்கிறோம் அண்ணா.