பி.ஏ. பெயில் மாப்பிள்ளை

இன்று வந்த கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் வாசனை, காஞ்சிபுரத்தில் இப்போது இல்லாத எங்கள் தறிவீட்டுக்குள் என்னை இழுத்துப் போனது. அக்காவுக்கு இரண்டு வரன்கள்: ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், இன்னொருவர் பி.ஏ. பெயில். இதில் எது பெரிய படிப்பு என்று, டக் டக்கென்ற தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு தெருவே கூடி ஆராய்ந்தது.

"பெயிலானவனுக்கா பொண்ணு தர்றது?" என்றார் அப்பா.

நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பில் பெயிலாகியிருந்தேன். இவரையே தள்ளிவிட்டால் பிற்காலத்தில் எனக்கு எவன் பெண் கொடுப்பான்?

அறுந்த இழையை முடிந்துகொண்டே அக்கா சொன்னாள்: "பெயில்னு அவரே எழுதி அனுப்பிகீறாருப்பா. மத்ததுலயும் பொய் சொல்லமாட்டாரு. அவரையே பேசி முடி."

அப்பா தலையசைத்ததும், அக்கா வாயில் முதல் பிடி சர்க்கரையைப் போட்டவன் நான்தான்.