தயிர்சாதம் பிசைகிற கை

கோபாலபுரத்தில் ஒரு பாலர் பள்ளியில் நான் ஆயா. சின்னப் பிள்ளைகளுக்கு மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்து, உருட்டி ஊட்டிவிடுவது என் வேலை. போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஒரு பெண்குழந்தை என் கையைப் பார்த்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"இன்னா கண்ணு, சாப்புடு."

"உங்க கையில பாக்டீரியா இருக்கு ஆயா. மிஸ் சொன்னாங்க."

மற்ற பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டன. எனக்குச் சுருக்கென்றது. அந்த மிஸ் புதுசு. பிள்ளைகள் ஸ்பூனில் சாப்பிடப் பழகணும் என்று அவர் பெரிய மிஸ்ஸிடம் சொன்னது முன்னமே என் காதில் விழுந்திருந்தது. ஸ்பூன் வந்துவிட்டால் ஆயா எதற்கு? இந்த வயதில் எனக்கு வேறு வேலை யார் தருவார்கள்? நேரே சொல்லாமல் பிள்ளைகளை விட்டுச் சொல்கிறாரோ என்று தோன்றியது. நாலாம் வகுப்போடு நின்றவள், என்னவென்று கேட்பேன்?

மறுநாள் துடைப்பத்தோடு வகுப்பு வாசலில் நின்று, பெருக்கின இடத்தையே பெருக்கினேன். பலகையில் நீளநீளமாக ஐந்து உருவம் வரைந்திருந்தார் மிஸ். பார்த்தால் விரல் மாதிரியே இருந்தது.

"இதுதான் பாக்டீரியா. ரொம்பப் பொடிசு, கண்ணுக்குத் தெரியாது. இதுக்கு வாய் கிடையாது."

"அப்ப எப்படி மிஸ் சாப்பிடும்?" என்றது அதே குழந்தை.

"தோல் வழியாவே உறிஞ்சிக்கும். நல்லா வளந்ததும் நடுவுல பிரிஞ்சு ரெண்டாயிடும். ரெண்டு நாலாகும். ஈரமும் சூடும் இருந்தா அதுக்குக் கொண்டாட்டம்."

ஈரம், சூடு. பிசைகிற கையைத்தான் சொல்கிறார்.

"அது கெட்டதா மிஸ்?"

"சிலது வயித்துவலி கொடுக்கும். நிறைய ஒண்ணும் செய்யாது. சிலது நமக்கு வேலை செய்யும். பால்ல கொஞ்சம் தயிர் விடுறோம்ல? தயிர்ல இருக்கிற பாக்டீரியா, பாலோட இனிப்பைத் தின்னுட்டுப் புளிப்பை விடும். பால் தயிராயிடும்."

"ஆயா கையில இருக்கறது?"

மிஸ் வாசல் பக்கம் திரும்பினார். நான் குனிந்துகொண்டேன்.

"என் கையிலயும் இருக்கு, உன் கையிலயும் இருக்கு. சோப்பு போட்டுக் கழுவினா நிறைய போயிடும். ஆயா கழுவிட்டுத்தான் ஊட்டறாங்க."

எனக்காகப் பரிந்து பேசினாரோ என்னவோ. ஆனால் நான் கை கழுவுவதை இவர் எப்போது பார்த்தார்? என்னை வேவு பார்க்கிறாரா?

மதியம் பிள்ளைகள் பார்க்கவே முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அந்தக் குழந்தை என் விரலை மோந்து பார்த்தது.

"எல்லாம் போயிடுச்சா ஆயா?"

"எனக்கு இன்னா தெரியும் கண்ணு? பாக்கவே முடியாதுன்றாங்க உங்க மிஸ்ஸு. சோப்பு வாசனதான் கீது."

இன்னொரு தரம் மோந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தது. பிறகு மற்ற வாய்களும் திறந்தன.

இன்றைக்கும் நான்தான் ஊட்டுகிறேன். எதிரே மிஸ் தன் டப்பாவைத் திறந்து ஸ்பூனால் சாப்பிடுவார். அந்த ஸ்பூனைக் கழுவினாரா என்று நானும் ஒரு கண் வைத்திருக்கிறேன்.