கோதண்டராமன் சேர்ல எடுத்த போட்டோ

அக்கா, இத படிச்சிட்டு சிரிக்காத. அம்மாகிட்ட சொல்லிடாத. அம்மா மேல சத்தியமா எனக்கு நடந்துச்சி.

இந்த வருஷம் சித்திரையில, மஸ்கட் விசாவுக்கு போட்டோ எடுக்க கீழ்பென்னாத்தூர்லருந்து திருவண்ணாமல போனேன் இல்ல? செங்கம் ரோட்ல திருமலை அண்ணன் ஸ்டுடியோ. சாயங்காலத்துக்குள்ள போட்டோ தரலன்னா வேற ஆள அனுப்பிடுவேன்னு ஏஜென்ட் சொல்லிட்டான்.

அங்க ஸ்டூலு கால் ஒடஞ்சி கெடந்துச்சி. மூலையில ஒரு பழைய மரச் சேரு. அண்ணனோட தாத்தா கோதண்டராமனுதாம். வெள்ளக்காரன் காலத்துல மாட்டு வண்டியில பெரிய பொட்டி கேமராவ ஏத்திகினு ஊர் ஊரா போய் படம் புடிச்சவரு.

"குந்துடா. அதுல குந்துனவங்க யாரும் ஆடுனதே இல்ல"ன்னு அண்ணன் சிரிச்சாரு.

மூணு தடவ எடுத்தாரு. பிலிம் கழுவிப் பாத்தா மூணுலயும் என் கண்ணு மூடியிருக்கு. நான் கண்ண சிமிட்டவே இல்லக்கா.

பிலிம் காயட்டும், வந்து மறுபடி எடுக்கலாம்னு டார்க் ரூம பூட்டிட்டு அண்ணன் டீ குடிக்க போனாரு. நான் அதே சேர்ல குந்தினு இருந்தேன்.

கரண்ட் போச்சி.

டார்க் ரூம் உள்ள... சரக்... சரக்...

பென்சில் சத்தம்.

"அண்ணே?"

சத்தம் நின்னுச்சி.

ரெண்டு வெரலு... ஜில்லுன்னு... என் தாடைய தூக்குச்சி. மூஞ்ச நேரா வெச்சிச்சி.

அசைய முடியல.

மறுபடி... சரக்.

கரண்ட் வந்துச்சி. யாருமே இல்ல. பூட்டு அப்படியே தொங்குது.

அண்ணன் வந்து பிலிம எடுத்து வெளிச்சத்துல பாத்தாரு. ஒண்ணுல மட்டும் என் கண்ணு தொறந்திருக்கு. அவரு அது மேல வெரலால தடவிப் பாத்தாரு.

"பென்சில்ல வரைஞ்சிருக்குடா."

அப்பறம்தான் சொன்னாரு. அந்தக் காலத்துல சாவு வுழுந்தாதான் படம் புடிக்கவே கூப்புடுவாங்களாம். பொணத்த அந்த சேர்லதான் குந்த வெப்பாங்களாம். படம் எடுத்துட்டு, மூடியிருக்கற கண்ணு மேல தாத்தா பென்சில்ல வரைஞ்சி கண்ணு தொறப்பாராம்.

எனக்கு ஏஜென்ட் நெனப்புதான். அதையே பிரிண்ட் போட்டு வாங்கினு ஓடுனேன். அந்த போட்டோவுலதான் இங்க மஸ்கட்டுக்கு வந்தேன்.

மனசு கேக்காம போன வாரம் பூத்லருந்து அண்ணனுக்கு போன் போட்டேன். அவரு அத்த, அந்த தாத்தாவோட பொண்ணு காசியம்மாகிட்ட விசாரிச்சாராம். உயிரோட இருக்கறவங்கள தாத்தா அந்த சேர்ல குந்த வுட்டதே இல்லியாம். ஒரே ஒரு தடவ, ஆள் இல்லாத நேரம், அவரே குந்தி எடுத்துகினாராம். கண்ணு மூடி வந்துச்சாம். அவரே வரைஞ்சிகினாராம்.

அந்த வருஷ கார்த்திக தீபத்த பாக்க அவரு உயிரோட இல்ல.

அக்கா... தீபத்துக்கு இன்னும் ஒம்போது நாளு இருக்கு.