வலது கைப் பக்கம் புயல்

பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்தவன் என்று என் தம்பியைச் சொல்கிறார்கள். தனியாகத்தான் போனான், நான் மறுக்கவில்லை. முப்பது அடிப் படகு, அதில் அவன் ஒருவன். ஆனால் அந்த ஒன்பது மாதமும் விடியற்காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் காற்று வரைபடத்தைத் திறந்து, அவன் இருக்கும் இடத்தில் அன்றைக்குக் காற்று எங்கே திரும்பும், எவ்வளவு வீசும் என்று பார்த்து எழுதி அனுப்பியவள் நான். எத்தனை நாள் பால் பொங்கி வழிந்தது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

நான் கீரமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். பூவும் தேங்காயும் விளைகிற ஊரில் இருப்பவளுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்கலாம். பிறந்தது மணமேல்குடிக்குத் தெற்கே, கடற்கரையில். அப்பா மீன் பிடித்தவர். எங்கள் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்பார்கள், பெரிய அலை இருக்காது. ஆனாலும் புயல் வரும். அதற்கு அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"காத்துக்கு மொகத்தக் காட்டி நில்லு. பொயலு ஒன் வலது கைப் பக்கந்தான் நிக்கும். அங்கிட்டுப் போவாம வெலகி ஓடிரு."

எனக்கும் தம்பிக்கும் எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே இது தெரியும். சோறு எந்தக் கையால் சாப்பிடுவது என்று சொல்லிக் கொடுத்தபோதே இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

தம்பி பல வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஒரு பழைய படகை வாங்கினான். கிளம்புவதற்கு முன் என் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, படகுல இன்டர்நெட்டெல்லாம் கெடையாது. ஒரு சின்ன சேட்டிலைட் கருவிதான். ஒம் போனுக்கு நாலு வரி வரும், நீ நாலு வரி அனுப்பலாம். காத்து எப்புடி இருக்குன்னு நீ பாத்துச் சொல்லு. வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ஒன்பது மாதம் அலாரம் இல்லாமல் எழுந்தேன்.

அவன் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் போய்க்கொண்டிருந்தபோது எங்களுக்கு ஐப்பசி அடைமழை. முந்தின நாளே கரண்ட் போய்விட்டது. வரைபடம் திறக்கவில்லை. போனில் மட்டும் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது. காலையில் அவனிடமிருந்து செய்தி வந்தது.

"பாரோமீட்டர் வேகமா எறங்குது. வடமேற்குக் காத்து. அப்பா கணக்குப்படி பொயல் வலது கையில, வடகிழக்க. தெக்க எறங்கிரவா? சீக்கிரம் சொல்லு."

நான் வாசலுக்கு வந்து, மழைத்தண்ணீரில் கால் நனைய, வடமேற்கைப் பார்த்து நின்று வலது கையை நீட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. "எறங்கு" என்று அனுப்பினேன்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ். புயல் அங்கே மறுபக்கமாகச் சுழலும். காற்றுக்கு முகம் காட்டி நின்றால் அது இடது கைப் பக்கம் இருக்கும். இதை வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறேன். பரீட்சையில் கேட்டு, மாற்றி எழுதியவர்களைத் திட்டியும் இருக்கிறேன். அப்பா ஆயுளில் பூமத்திய ரேகையைத் தாண்டியதில்லை, அவர் கணக்கு அவர் கடலுக்குச் சரி. அதைத் தென்கோளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர் பெற்ற இரண்டு அறிவாளிகள்.

மத்தியானம் கரண்ட் வந்து, வரைபடத்தில் அந்தச் சுழியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அவனை நேராக அதன் வாய்க்குள் அனுப்பியிருந்தேன். "வடக்க திரும்பு, வடக்க திரும்பு" என்று எத்தனையோ முறை அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வகுப்பில் நின்றேன், என்ன நடத்தினேன் என்று தெரியாது. தம்பியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் செய்தி வந்தது. "உயிரோட இருக்கேன். முந்தாநாளு படகு கவுந்து நிமிந்துச்சு. பாய்மரம் ஒடஞ்சுபோச்சு, விலாவுல அடி. கருவி நனஞ்சிருச்சு, இப்பத்தான் வேல செய்யிது."

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே எழுதினேன்: "தப்பு என்னுது. அங்க இடது கை. மன்னிச்சுக்க."

"பரவால்லக்கா. அழாத" என்று பதில் வந்தது. என்ன மனசு இவனுக்கு என்று அதற்கும் அழுதேன்.

ஒட்டுப்போட்ட கம்பத்தில் பாயைக் கட்டி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தான். சரி செய்துகொண்டு மறுபடி கிளம்பினான். அதன் பிறகும் தினமும் காற்று கேட்டான், நானும் சொன்னேன். ஒருநாளும் தப்பவில்லை.

அவன் திரும்பி வந்ததும் புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. பட்டுப்புடவை கட்டி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி மைக்கைப் பிடித்தான்.

"முழுக்க என் புத்திய நம்பித்தாங்க போனேன். ஒரே ஒரு தடவை கரைல ஒருத்தங்ககிட்ட யோசனை கேட்டேன். எங்க அக்கா. ஜியாக்ரபி டீச்சர்!" மண்டபம் சிரித்தது. "தெக்க போடான்னாங்க. எனக்கு மனசு வேணாம்னுச்சு. அக்கா பேச்சத் தட்டக்கூடாதேன்னு போனேன். விலா எலும்பு மூணு போச்சு. கரைல இருக்கவங்க பேச்சக் கேட்டுக் கடல்ல போவக்கூடாதுங்க."

கை காட்டினான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்து கும்பிட்டேன் வேறு. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

பள்ளியில் அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. "டீச்சர், பஸ் ஸ்டாண்டு எங்கிட்டு இருக்கு? நீங்க சொன்னீங்கன்னா அதுக்கு எதிர்ப்பக்கமாப் போயிருவோம்" என்றார் கணக்கு சார். அவர் நல்லவர்தான், கேலிக்குத்தான் சொன்னார். நான் ஓய்வறையில் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். இவன் கடந்ததோ கடல். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. படகு கவிழ்ந்தபோது தலையில் அடிபட்டிருக்கும், தெற்கே இறங்கவா என்று முதலில் கேட்டது தான்தான் என்பதே மறந்திருக்கும் என்று நானே அவனுக்கு ஒரு சாக்குக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். ஞாபகப்படுத்தினால் பதறிப்போவான், அடுத்த மேடையில் திருத்திச் சொல்வான் என்று நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். காபி கொடுத்துவிட்டு, போனில் அந்தப் பழைய செய்தியை எடுத்து நீட்டினேன். "அப்பா கணக்குப்படி பொயல் வலது கையில, வடகிழக்க. தெக்க எறங்கிரவா?"

படித்தான். முகம் மாறவில்லை.

"இத இன்னும் வச்சிருக்கியாக்கா? நான் அழிச்சுட்டேனே."

"எப்ப?"

"அப்பவே. படகு கவுந்த மறுநாளே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தான். நான் விரலை மடக்கிப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறேன், கருவி இப்போதுதான் வேலை செய்கிறது என்று அவன் எனக்குச் சொன்னது அதற்கும் மறுநாள்.