ஜெசிந்தா கை உயர்த்தவில்லை

ஜெசிந்தா இறந்த செய்தி எனக்கு மூன்றாவதாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் அவளுடைய அண்ணன் மகளுக்குச் சொன்னார்கள். அது முறை, அதில் எனக்குக் கோபமில்லை. அந்தப் பிள்ளை அடுத்ததாக எடுத்தது ரஞ்சியின் போனுக்கு. ரஞ்சி குசினியில் நின்றபடியே "ஓம்... ஓம் பிள்ளை... எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள். பிறகு போனை வைத்து, அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் என் பக்கம் திரும்பினாள். முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், என்னைத் தெரியாதா அவளுக்கு? "தவம், ஜெசி போயிட்டா" என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. என்னுடைய நம்பருக்கு ஏன் எடுக்கவில்லை என்பதுதான் முதலில் வந்தது.

உங்களில் பலருக்கு ஜெசிந்தாவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, போன மாதம் அங்குள்ள தேவாலயத்திலிருந்தே கடைசியாகப் புறப்பட்டவள். பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும், ஆணை விரும்பும் ஆணுக்கும், பிறந்தபோது எழுதிவைத்த பாலில் இருக்க முடியாதவர்களுக்கும் யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு கதவு திறந்திருந்தது என்றால், அதைத் திறந்து வைத்தவர்களில் அவள் ஒருத்தி. நான் இன்னொருத்தி. இதை நானே எழுதவேண்டிக் கிடக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல். இப்போது உங்களுக்குப் பால்புதுமையினர் என்று ஒரு சொல் இருக்கிறது. எங்களிடம் இருந்தது 'எங்கட ஆக்கள்' என்பது மட்டும்தான்.

இந்த வருடப் பெருமை விழாவில், பிரைட் என்கிறீர்களே அதில், நிதி சேர்ப்பதற்கு ஒரு விருந்து வைக்கிறார்கள். எங்கட ஆக்களுக்காக உழைத்தவர்களுக்கு அங்கே விருது கொடுக்கப்போகிறார்கள். விருதுக்கு ஜெசிந்தாவின் பெயர், அழைப்பிதழில் உயர்த்திய ஒரு கையின் படம். ஏற்பாடு செய்கிற இளம் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள் அன்ரி, அவ கை தூக்கின கதையை எழுதித் தாங்கோ" என்றார்கள். ஓம், பக்கத்தில்தான் நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெசிந்தா ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் நம்பர் கொடுக்கிறவளாக இருந்தாள். மேசையில் ஒரு தொலைபேசி. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத எங்கட ஆக்கள் அங்கே எடுத்து, சனிக்கிழமை பல்லுப் பிடுங்க நம்பர் வேண்டும் என்பார்கள். அந்த வைத்தியர் சனிக்கிழமைகளில் பல்லுப் பிடுங்குவதில்லை, ஆகவே கேட்பது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் கண்டு, கணக்கு ரியூஷன் கொடுத்துக்கொண்டிருந்த நான் ஒரு கிழமை அந்தக் கதிரையில் இருந்தேன். மாளிகாவத்தையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். நான் கொப்பியைத் திறந்து பெயர், வயது, விலாசம் என்று கேட்டேன். வைத்துவிட்டாள். அந்த நாட்களில் முகம் தெரியாத ஒருத்தி விலாசம் கேட்டால் வேறு என்ன செய்வாள்? அடுத்த கிழமை அவளே திரும்ப எடுத்து ஜெசிந்தாவுடன் முக்கால் மணித்தியாலம் கதைத்தாள். "டீச்சர் வந்தா புள்ளைங்க எந்திரிச்சு நிக்கும், நான் வந்தா உக்காரும்" என்று ஜெசிந்தா எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். எல்லோரும் சிரிக்க நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, ரஞ்சி தந்த தேத்தண்ணியைத் தொடாமல் படுத்துவிட்டேன்.

நானும் ரஞ்சியும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள் வாடகையைப் பங்குபோட்டு இருப்பது அப்போது யாருக்கும் புதினமில்லை. யுத்தம் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அது. ஆனால் வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதியவேண்டும், இருவருக்கும் என்ன உறவு என்று சொல்லவேண்டும். என் சிங்களம் அரைகுறை என்பதால் ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்தியிருக்கலாம். தகப்பன்மார் இரண்டு பேருக்கும் ஒரு கிணற்றுக்காக இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, பெட்டைகள் மட்டும் ஒற்றுமை என்று ஒரு முழுக்கதையும் விட்டாள். பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ரஞ்சி அந்தக் கிணற்றைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். என்னோடு இருந்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. அன்றைக்குப் பிறகு ஜெசிந்தா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அவர்கள் இருவருக்கும் நடுவிலுள்ள கதிரையில்தான் இருப்பேன். என்றைக்காவது ஒருநாள் ரஞ்சி இவளோடு போய்விடுவாள் என்ற பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

இனி அந்தப் பிறந்தநாளுக்கு வருகிறேன். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்கு மருதானையில் ஒரு அறை எடுக்க நினைத்தோம். அதற்குப் பணம் வேண்டும். தமிழர் கூடிக் காசு சேர்த்தால் யாருக்குச் சேர்க்கிறார்கள் என்று அந்த நாட்களில் எந்தப் பொலிஸும் கேட்கும். எங்கட ஆக்களுக்கு என்று உண்மையைச் சொன்னால் அதற்கு வேறு சட்டம் வைத்திருந்தார்கள். பிறந்தநாள் விழா என்று வைப்போம், வருகிறவர்கள் வழக்கம்போல என்வலப்பில் அன்பளிப்புத் தரட்டும் என்று யோசனை சொன்னது நான். எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நான். யாருடைய பிறந்தநாள் என்ற கேள்வி வந்தபோது நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து இருந்தேன். "ஜெசியை இருத்துவம், அவவுக்கெண்டால் சனம் நம்பும்" என்றது ரஞ்சி.

எங்களுக்கு உதவியவர்களை அன்றைக்கே கௌரவிக்கவும் வேண்டும். மேடை போட்டுப் பெயர் சொல்ல முடியாது. ஆகவே கேக் வெட்டியதும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பிறந்தநாள்காரியின் வாயில் ஒரு துண்டு ஊட்டி, எங்கள் பேச்சில் தீத்தி, விட வைப்பது, அதுதான் கௌரவம் என்று முடிவு செய்தோம். இடம் தந்த ஹோட்டல்காரருக்கு அவர்கள் மாமா, சித்தி. எங்களுக்குத்தான் தெரியும், ஒருவர் கேள்வி கேட்காமல் மருந்து தந்த டாக்டர், மற்றவர் எங்கட ஆக்களுக்காகப் பொலிஸ் வாசலில் போய் நின்ற லோயர், இன்னொருவர் பிள்ளைகளைத் தன் வீட்டுக் கூடத்தில் படுக்கவைத்த கொம்பனித்தெரு மலாய் அம்மா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. நான் வாசலில் என்வலப் பெட்டியுடன் இருந்தேன். ஜெசிந்தா நீலச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, உண்மையிலேயே பிறந்தநாள் மாதிரி நின்றாள். "வாங்க மாமா", "வாங்க சித்தி" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். என்னையும் கூப்பிடுவாள் என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்து ஆயத்தமாக இருந்தேன். கடைசியாக "ரஞ்சி, நீ வா" என்றாள். ரஞ்சி போய்த் தீத்தினாள். ஜெசிந்தா மிச்சத்தை வாங்கி அவளுக்குத் தீத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டு அடங்க முதல் நான்கு பொலிஸ்காரர்கள் படியேறி வந்தார்கள். யாரோ அறிவித்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் கண்டது பெட்டியும் கையுமாக இருந்த என்னைத்தான். மூத்தவர் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டி, இதற்குப் பொறுப்பு யார் என்று சிங்களத்தில் கேட்டார். அந்தளவு சிங்களம் எனக்கு விளங்கும். பதிலும் தெரியும். 'மம' என்றால் நான். யோசனை என்னுடையது, பெட்டியும் என் மடியில். நான் வாய் திறக்காமல் விரலை நீட்டி ஜெசிந்தாவைக் காட்டினேன்.

பயத்தில் காட்டினேன் என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். பயம் இருந்ததுதான். ஆனால் விரலை நீட்டும்போது என் மனதில் ஓடியது, எல்லாம் அவளுக்குத்தானே, இதுவும் அவளுக்கே போகட்டும் என்பது. ஜெசிந்தா என் விரலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வாயில் இருந்த கேக்கை விழுங்கிவிட்டு, "ஓவ், மம தமாய்" என்றாள். ஓம், நான்தான் என்று. என்னைக் கடந்து போகும்போது கையிலிருந்த தட்டை என்னிடம் நீட்டி, "இதப் புடி டீச்சர்" என்றாள். லோயர் அவள் பின்னால் ஓடினார்.

மறுநாள் பின்னேரம்தான் விட்டார்கள். பிறந்தநாள் அன்பளிப்பு என்று லோயர் வாதாடிப் பெட்டியையும் மீட்டார். அதில்தான் மருதானை அறை எடுத்தோம். உள்ளே என்ன நடந்தது என்று ஜெசிந்தா யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு கிழமை வேலைக்குப் போகவில்லை. எல்லோரும் அவளைப் பார்க்கப் போனபோது நானும் போனேன், குற்றவாளிக் கூட்டில் ஏறுகிற மாதிரி. அவள் கட்டிலில் சாய்ந்திருந்தபடி, "டீச்சர் பாவம், சிங்களம் தெரியாம முழிச்சிக்கிட்டு நின்னா. நான்தான் கையத் தூக்கிட்டேன்" என்றாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. சனம் வாய் பிளந்து கேட்டது. அன்றைக்குத் தொடங்கிய கதைதான் உங்கள் அழைப்பிதழ் வரைக்கும் வந்திருக்கிறது. நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தேன்தான். ஆனால் வருடாவருடம் அந்தக் கையைப் பற்றிக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. மறுத்துச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் ரஞ்சிக்குத் தெரிந்துவிடும்.

அவளுடைய கடைசி மாதத்தில் ஒரு காலை, ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் தனியே இருந்தபோது கேட்டேன். "ஏன் ஜெசி அண்டைக்கு அப்பிடிப் பொய் சொன்னனீ?"

"உண்மையச் சொல்லியிருந்தா எல்லாரும் உன்னையப் பத்தித்தானே பேசியிருப்பாங்க" என்றாள். "எனக்கு அது புடிக்கல்ல."

சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தாள். பகிடியா உண்மையா என்று தெரியவில்லை. என்னை ஏன் கேக் தீத்தக் கூப்பிடவில்லை என்பதையும் கேட்க நினைத்தேன். அதற்குள் நேர்ஸ் வந்துவிட்டாள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்றுப் பின்னேரம் ரஞ்சியிடம் கொடுத்தேன். உங்களுக்குத் தெரிய முதல் அவளுக்குத் தெரியவேண்டும். எழும்பிப் போய்விடுவாளோ என்று வாசல் பக்கம் இருந்த கதிரையில் இருந்துகொண்டேன், அறுபது தாண்டியும் புத்தி வரவில்லை. அவள் கண்ணாடியைப் போட்டு, கடைசி வரை வாசித்து, தாள்களை மடியில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"ஆர் சொன்னது? ஜெசியோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் அவவுக்குப் பக்கத்திலதானே நிண்டனான். உன்ர விரல் எனக்கு நேரேதான் வந்தது."

மிச்சத்தையும் அவளே சொன்னாள். "பொலிஸ் அவவை விட்டதுக்கு அடுத்த நாள், நீ ரியூஷனுக்குப் போன நேரம் உடுப்பெல்லாம் பையில போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனனான். உன்னோட இனி இருக்கேலாது, என்னை இங்க வைச்சிரு எண்டு ஜெசியைக் கேட்டன். அவ மாட்டன் எண்டிட்டா. 'அவ வெரல நீட்டினது உன்னால, நீ வீட்டுக்குப் போ' எண்டு சொல்லி அவவேதான் பஸ் ஏத்தி விட்டவ. விரலைப் பற்றி ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது எண்டும் சொன்னவ."

"அவவுக்கு உன்னில விருப்பமோ?"

"ஓம்" என்றாள் ரஞ்சி. கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "இதையும் எழுது தவம். எழுதுறதெண்டால் முழுக்க எழுது."

எழுதிவிட்டேன். விருது அவள் பெயரிலேயே இருக்கட்டும், அழைப்பிதழில் உள்ள கையை மட்டும் எடுத்துவிடுங்கள். ஜெசிந்தாவின் ஞாபகமாக என்னிடம் ஒரு படமோ கடிதமோ இல்லை. அவள் எனக்கு விட்டுப் போனது ரஞ்சியை. நானே அவளை வைத்திருந்தேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.